முதல் பதினோரு ஆண்டுகள்

3 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். என் பட்டச் சான்றிதழின் அசல் உங்கள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். கீழே ஒரு தபால் பெட்டி எண் தந்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சென்ற செப்டம்பரில் எங்கள் பெயிண்ட் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. ஒரு நாற்காலிக்கு இரண்டு விற்பனைத் தலைவர்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவன் அதில் உட்கார்ந்தான். எனக்கு ஓராண்டுச் சம்பளத்தை மாதாமாதம் வங்கியில் போடுவதாகச் சொல்லிக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள்.

இதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது மாதங்களாகிவிட்டது. காலை எட்டரைக்கு டை கட்டிக்கொள்கிறேன். அவள் கட்டித்தரும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பொது நூலகத்துக்கு வருகிறேன். செய்தித்தாள் மேசையின் மூலையில் ஓர் இடம் எனக்கென்றே ஆகிவிட்டது. மாலை ஆறு மணிக்குக் களைத்த முகத்தோடு வீடு திரும்புகிறேன். களைப்புக்கு நடிக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் முப்பதோடு சம்பளம் நிற்கும். அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் கம்பெனி மாறிவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இதுவரை நூற்று நாற்பது விண்ணப்பங்கள் போட்டிருக்கிறேன். பெயிண்ட் தொழிலில் எனக்கு இடமில்லை. வேறு தொழிலில் என்னை யாருக்கும் தெரியாது.

தொலைபேசியில் உங்களுக்குப் பாதிதான் கேட்கும் என்பதால் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
(சிறுவயதில் நீங்கள் கூப்பிட்டது போல வாத்து என்று கையெழுத்துப் போட்டால்தான் அடையாளம் தெரியும் என்றால், வாத்து.)


11 ஜூன்

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. பூச்சி அரிக்கவில்லை. என் அலமாரியில் எதையும் பூச்சி அரிப்பதில்லை.

நான்கு ஆண்டு என்று எழுதியிருக்கிறாய். நான்கு ஆண்டு, இரண்டு மாதம். உன் அத்தான் இறந்து, அவரை எடுத்துப்போன அன்று நீ வந்தது பத்து ஐம்பதுக்கு. போனது ஒன்று பத்துக்கு. இரண்டு மணி இருபது நிமிடம். மீட்டிங் என்று சொன்னாய். காரின் கதவை நீ சாத்தும்போது நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்ற முறையில் உனக்காக வெட்கப்பட்டேன். அதைச் சொல்லியாகிவிட்டது. இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் மனைவிக்கு எனக்குப் பிடிக்காத குணங்கள் உண்டு. ஆனால் அவள் முட்டாள் இல்லை. பொய்க்கு டை கட்டி வெளியே அனுப்பினாலும் அது பொய்தான். உடனே சொல்.

நூற்று நாற்பது விண்ணப்பம் போட்டும் ஓர் ஆள்கூடப் பதில் போடவில்லை என்றால் கோளாறு விண்ணப்பத்தில் இருக்கும். முப்பத்தொரு ஆண்டுகள் காப்பீட்டு அலுவலகத்தில் பணியாளர் பிரிவு அதிகாரியின் செயலாளராக இருந்தேன். வரும் உறைகளைப் பிரித்தது நான், அடுக்கியது நான். அதிகாரி பார்த்தது நான் மேலே வைத்ததை மட்டும்தான். ஒரு நகலை அனுப்பு. எழுத்துப் பிழையாவது திருத்தித் தருகிறேன்.

அக்கா


20 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் நூலகப் படியில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். எட்டு மாதமாக என்னிடம் யாரும் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று மட்டும் எழுதுகிறார்கள்.

நகல் இத்துடன் இருக்கிறது. இது நானாக எழுதியதல்ல. ஒரு வேலை ஆலோசகியிடம் போகிறேன். இருபத்தெட்டு வயது இருக்கும். என்னைப் போன்ற டை கட்டிய ஆட்கள் அவள் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பல் மருத்துவரிடம் காத்திருப்பதைப் போல. காலம் மாறிவிட்டது என்கிறாள். விண்ணப்பத்தை இப்போது முதலில் படிப்பது மனிதர் இல்லையாம், கணினியாம். அது தேடும் சொற்கள் இல்லாவிட்டால் அடுத்த நொடியே ஓரமாகத் தள்ளிவிடுமாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பட்டம் வாங்கிய ஆண்டைப் போடக் கூடாது. தலைக்கு மை பூசினேன். நீலச் சட்டையில் படம் எடுத்தேன்.

சென்ற வாரம் ஒரு நேர்காணல். எதிரே ஆளே இல்லை. திரையில் ஒரு கேள்வி வரும், தொண்ணூறு நொடி ஓடும், அதற்குள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். நூலகத்தின் வாகனக் கொட்டகையில் நின்றுதான் பேசினேன். வேறு எங்கே பேசுவேன்? "உங்கள் மிகப் பெரிய தோல்வி எது?" என்று கேட்டது. தொண்ணூறு நொடியும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

மனைவியிடம் சொல்வேன். வேலையோடு சொல்வேன்.

தம்பி


29 ஜூன்

தம்பிக்கு,

பதினாறு பிழைகள். சிவப்பில் குறித்திருக்கிறேன். "விளைவை நோக்கிய உந்துதல் மிக்க தலைமை" என்று ஒரு வரி வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று ஒரு மனிதரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. எங்கள் கான்வென்ட்டில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் சிஸ்டர் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுப்பார்.

பிழைகள் இருக்கட்டும். இந்தத் தாளில் நீ முப்பத்து மூன்றாம் வயதில் திடீரென்று பிறந்து, நேராக மேலாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அதற்கு முந்திய பதினோரு ஆண்டு எங்கே? தட்டச்சில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்றா?

இன்னொன்று. சென்ற அக்டோபரிலிருந்து "சுயேச்சை ஆலோசகர்" என்று போட்டிருக்கிறாய். யாருக்கு ஆலோசனை? செய்தித்தாள் மேசையில் பக்கத்தில் உட்காருபவருக்கா?

அக்கா


9 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

விட்டுப்போகவில்லை. எடுத்துவிட்டோம். கடைசி இருபது ஆண்டுக்கு முன்னால் எதையும் காட்டாதீர்கள் என்றாள் ஆலோசகி. கூட்டினால் வயது தெரிந்துவிடும். அதைவிட, கிடங்கில் வேலை பார்த்தேன் என்று எழுதவே கூடாது என்றாள். "சார், கிடங்குன்னு ஒரு வார்த்தை பார்த்தாங்கன்னா உங்களக் கிடங்குலயே நிறுத்திடுவாங்க. மாடிக்கு ஏத்த மாட்டாங்க." வேலையில் இருக்கிறவனைத்தான் எல்லாரும் வேலைக்கு எடுப்பார்கள் என்பதால் அந்த ஆலோசகர் வரி. எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அக்கா. வெறும் காகிதம்தான்.

இப்போது நல்ல செய்தி. ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம், பதினான்கு கிளை. கொள்முதல் பிரிவுக்குத் தலைவர் தேடுகிறார்கள். முதல் சுற்றில் தேறிவிட்டேன். இரண்டாவது சுற்றில் உயிருள்ள மனிதர்களே வந்து பேசினார்கள். பெயிண்டுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் காலாவதி தேதி உண்டு என்றேன். சிரித்தார்கள். சிரித்தார்கள், அக்கா. கடைசிச் சுற்று ஆகஸ்ட் இருபத்தொன்றில். மூன்று பேரில் ஒருவன் நான். இது கிடைத்தால் கரையேறிவிடுவேன். கிடைக்காவிட்டால் செப்டம்பருக்குள் வேறு எதுவும் இல்லை.

தம்பி


18 ஜூலை

தம்பிக்கு,

கிடைக்கட்டும்.

விண்ணப்பத்தில் ஆண்டுகள் தொடர்ந்து வராமல் விட்டுவிட்டு வந்தால் நான் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு அடியில் வைத்துவிடுவேன். சிறையில் இருந்தானோ, துரத்தப்பட்டானோ, எதையோ மறைக்கிறான் என்று பொருள். அப்படி எத்தனை பேரை அடியில் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னுடையது என் மேசைக்கு வந்திருந்தால் அதற்கும் அதே கதிதான்.

வெறும் காகிதம் என்று எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வயதில் பட்டத்தோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்த உன்னை அந்தக் கம்பெனிக்குள் கூட்டிப்போனது யார்? உன் அத்தான். அவர் கிடங்கு மேலாளர், வேறு எந்த மேலாளரும் இல்லை. டின்னை விரல் முட்டியால் தட்டி, உள்ளே பெயிண்ட் உறைந்துவிட்டதா இல்லையா என்று திறக்காமலே சொல்வார். உனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் என் பாத்திரங்களை எல்லாம் இரண்டு பேரும் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் எரிந்து விழுந்தேன். பதினோரு ஆண்டு அவர் பக்கத்தில் நின்றாய். அந்தப் பெண்ணின் கத்தரியில் அவர் ஒரே வெட்டில் போய்விட்டார்.

சரி. காகிதம் என்றால் காகிதம். அந்த மருத்துவமனையின் முகவரியையும் பணியாளர் பிரிவுத் தலைவர் யார் என்பதையும் எழுது. என் கோப்பில் வைத்துக்கொள்வேன்.

அக்கா


22 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று கடைசிச் சுற்று முடிந்தது. ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள், இரண்டரை மணி நேரம் வைத்திருந்தார்கள். தலைமை மருத்துவர் தேநீர் வரவழைத்தார். எனக்கு வண்டி நிறுத்த எந்த இடம் தருவார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. வாசல்வரை வந்த பணியாளர் பிரிவுத் தலைவி, "ஒரு வாரத்துல லெட்டர் வந்துடும் சார், வீட்ல சொல்லிடுங்க" என்றார்.

வீட்டில் சொல்லிடுங்க. அதைக் கேட்டதும் லிஃப்டுக்குள் அழுதுவிட்டேன். ஐந்து மாடியும் அழுதுகொண்டே இறங்கினேன். கூட வந்த நோயாளி ஒருவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். யாரையோ பறிகொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

கடிதம் கைக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பிறகு உங்களைப் பார்க்க வருகிறேன். நீங்கள் கேட்ட முகவரி தனித் தாளில் இருக்கிறது. முன்பே எழுதாதது ராசிக்குப் பயந்துதான்.

வாத்து


26 ஆகஸ்ட்

தம்பிக்கு,

மகிழ்ச்சி. கடிதம் வருவதற்கு முன் ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன், அது உனக்கும் தெரியட்டும். உன் விண்ணப்பத்தை முழுமையாக மறுபடி தட்டச்சு செய்து, நான்கு பக்கம், பணியாளர் பிரிவுத் தலைவிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு பிழைகூடக் கிடையாது. பிறந்த தேதி, பட்டம் பெற்ற ஆண்டு, கிடங்கில் பதினோரு ஆண்டு, யார் கீழ் வேலை பார்த்தாய் என்பது, சென்ற செப்டம்பரில் விடுவிக்கப்பட்டது, நிரந்தர முகவரி, வீட்டுத் தொலைபேசி எண், எல்லாம் முறைப்படி. "விடுபட்ட விவரங்களைச் சேர்த்து அனுப்பியுள்ளோம்" என்று ஒரு குறிப்பும் வைத்தேன்.

பெரிய பதவிக்கு ஆள் எடுக்கும்போது கடைசி நேரத்தில் கோப்பை ஒருமுறை புரட்டுவார்கள். ஓட்டை இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். இனி உன் கோப்பில் ஓட்டை இல்லை.

அக்கா


5 செப்டம்பர்

அக்கா,

புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். எனக்கு அல்ல, வீட்டுக்கு. என் மனைவி எடுத்தாள். அவர் ஆபீசில் இருக்கிறார், அங்கே கூப்பிடுங்கள் என்றாள். எந்த ஆபீஸ் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பழைய கம்பெனிக்குக் கூப்பிட்டாள். அங்கே யாரோ ஒரு புதுப் பெண், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்றாளாம்.

பிறகுதான் எனக்குக் கூப்பிட்டார்கள். நான் நூலகப் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டு விண்ணப்பம் வந்திருக்கு சார். ரெண்டுலயும் உங்க பேருதான் இருக்கு. ஆனா ஒரே ஆள் மாதிரி தெரியலையே" என்றார் தலைவி. விளக்கப் பார்த்தேன். வயதும் கிடங்கும் தங்களுக்குப் பொருட்டே இல்லை, ஒளித்ததுதான் பொருட்டு, கொள்முதல் என்பது நம்பிக்கையின் மேல் ஓடுகிற பிரிவு என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். டையோடு நின்றேன். அவள் கத்தவில்லை. என் கையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"பதினோரு மாசமா மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"லைப்ரரி படியில."

"மழை பெஞ்சா?"

"வண்டி நிறுத்துற கொட்டகையில."

அவ்வளவுதான். மறுநாள் காலை பாத்திரம் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான்.

நூற்று நாற்பது கதவைத் தட்டினேன், ஒன்று திறந்தது. அதை நீங்கள் பதிவுத் தபாலில் சாத்தினீர்கள். உங்களுக்கு நான் ஒரு பிழை, அக்கா. சிறுவயதிலிருந்தே திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். இருபத்தைந்து நாள் இருக்கிறது, அதற்கப்புறம் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் பாதையைக் கடக்கும்போது வேகமாக நடந்துவிடுகிறேன். நின்றால் நல்லதல்ல.

இனி எனக்கு எழுதாதீர்கள்.


10 செப்டம்பர்

வாத்து,

எழுதாதே என்றாய். ரயில் பாதை என்றும் எழுதினாய். அதனால் எழுதுகிறேன். நீ எனக்குப் பதில் போட வேண்டாம். அந்தப் பாதை வழியே நடக்காதே, சுற்றிக்கொண்டு போ. இது அக்கா தம்பிக்குச் சொல்லும் புத்திமதி இல்லை, உன்னிடம் கெஞ்சுகிறேன். உன் மனைவிக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அந்த வரியை அப்படியே அவளுக்கு எழுதிவிட்டேன். உன்னைத் தனியாக வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மன்னிக்காவிட்டால் போ.

இப்போது உண்மை. உன் கோப்பின் ஓட்டையை அடைக்க அதை அனுப்பினேன் என்று எழுதினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு என் நகலை எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் கிடங்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். உன் அத்தான் டின் தட்டிப் பார்ப்பதுகூட அதில் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு அது எதற்கு? என் மேசைக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அவர் பெயரை ஒரு பெரிய அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒருமுறை படிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு உன்னிடம் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே உறையில் போட்டேன். உன் மனைவிக்குத் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வீட்டு எண்ணைத் தட்டச்சு செய்தேன். பழக்கம் என்று சொல்லிவிடலாம். பாதிதான் பழக்கம்.

மருத்துவமனைத் தலைவிக்கு இன்று எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, தயவுசெய்து என் தம்பியை மறுபடி அழையுங்கள் என்று எழுதினேன். எழுபத்தொரு வயதில் முதல்முறையாக ஒருவரிடம் தயவு கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கையால் எழுத மூன்று தாள் வீணாயிற்று.

அக்கா


30 செப்டம்பர்

வாத்து,

இன்று முப்பதாம் தேதி.

மருத்துவமனையிலிருந்து பதில் வந்துவிட்டது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விவரங்கள் பதிவில் வைக்கப்பட்டுள்ளன." கீழே கையெழுத்துகூட இல்லை, அச்சு. இதே மூன்று வரியை முப்பத்தொரு ஆண்டு நான் தட்டச்சு செய்தேன். ஒரு நாளைக்கு நாற்பது உறை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிடப் போவேன். அது இப்படித்தான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது.

உன் மனைவி பதில் போட்டாள். ஒரே வரி: "பாதை வழியா போகல, நான் கூடவே போறேன்." அவள் எழுத்தில் பிழை இருந்தது. திருத்தவில்லை.

அக்கா


12 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளமும் இல்லை. காரை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆலோசகியிடம் போவதை நிறுத்திவிட்டேன். தலை பாதி வெளுத்து, பாதி கறுத்து, பார்க்க நன்றாக இல்லை.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. ஆனால் அந்த நான்கு பக்க நகலை நீங்கள் என் மனைவிக்கு அனுப்பியிருந்தீர்களே, அதை அவள் சத்தமாகப் படித்தாள். டின் தட்டும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, இது எனக்குத் தெரியாதே என்றாள். பத்தொன்பது ஆண்டு கூட வாழ்ந்தவளிடம்கூட நான் கிடங்கைச் சொன்னதில்லை. ஆலோசகி வெட்டுவதற்கு வெகு நாள் முன்பே நானே வெட்டியிருக்கிறேன். அன்று ஒன்று பத்துக்குக் கிளம்பியதும் அதனால்தான். மீட்டிங் எதுவும் இல்லை, அக்கா. கிடங்குக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், "டேய், மேல போய்ட்டு எங்களை மறந்துட்டியேடா" என்று என் தோளில் கை போட்டார். ஓடிவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போனேன். கிருமிநாசினி, தரை கழுவும் திரவம், அந்த மாதிரிச் சரக்கு. மேற்பார்வையாளர் வேண்டுமாம். உங்கள் நான்கு பக்கத்தைத்தான் கொடுத்தேன். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய ஆளு இங்க எத்தனை நாள் நிப்பீங்க?" என்று கேட்டார். அடுக்கி வைத்திருந்த பீப்பாய்களில் ஒன்றைக் கை தானாகத் தட்டியது. இன்னும் மூன்றைத் தட்டினேன். நாலாவது உறைந்திருக்கிறது என்றேன். திறக்கச் சொன்னார். உறைந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். இந்தச் சொல்லை நூறு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உங்களிடம் வருகிறோம். அவள் சாப்பாடு கட்டுகிறாள், உங்களுக்கும் சேர்த்து. எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டாள்.

எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்றேன்.

வாத்து